பட்டம் கைக்கு வருமுன் தொழில் கைக்கு வரட்டும்

தோட்டத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்த விதம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்பா மரம் சீவினார். மகன் பள்ளியை விட்டதும் வெளிக்காட்டு வேலைக்குப் போனான். மண்டோரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் காலைப் பிரட்டில் பையனின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். மனுப் போடவில்லை, நேர்முகத் தேர்வுக்குப் போகவில்லை. குடும்பத்தைத் தெரிந்த ஒருவர் சொன்ன சொல்லே அத்தாட்சி.

இன்று அதே குடும்பத்துப் பேரப்பிள்ளை கல்லூரியில் படிக்கிறான். படிப்பு முடிந்ததும் புக்கிட் மின்யாக்கிலோ பத்து காவானிலோ ஒரு தொழிற்சாலைக்கு மனுப் போடப் போகிறான். அங்கே அவனுடைய அப்பாவை யாருக்கும் தெரியாது. அவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. பட்டணத்தில் வசதியாக வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு மாமாவோ சித்தப்பாவோ ஏதாவது ஒரு கம்பெனியில் இருப்பார். நம் பிள்ளைக்கு அந்த மாமா யார்?

அவன் படிக்கும் கல்லூரிதான். அந்த வேலையைச் செய்வதற்கென்றே கல்லூரிக்குள் ஆட்களும் அலுவலகமும் இருக்கின்றன. நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரிவதில்லை. தெரியாததால் பிள்ளைகளும் அந்தக் கதவைத் தட்டாமலே மூன்று வருடங்களைக் கழித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஜுருவைச் சுற்றிப் பாருங்கள்

ஜுரு வட்டாரத்தில் இருப்பவர்கள் வேலை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற மண் இது. ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று நெடுஞ்சாலைச் சந்திப்பு, ஆட்டோ சிட்டியின் கார்க் கடைகள், சிறுதொழில் பட்டறைகள், பக்கத்திலேயே புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டை என்று ஊரே மாறிவிட்டது. தெற்கே பத்து காவானும் தோட்டமாக இருந்த இடம்தான். 2014ஆம் ஆண்டு பினாங்கின் இரண்டாவது பாலம் அங்கிருந்து திறக்கப்பட்டது. இப்போது போஷ், மைக்ரோன், லாம் ரிசர்ச் போன்ற உலகப் பெயர் பெற்ற நிறுவனங்கள் அங்கே தொழிற்சாலை நடத்துகின்றன.

கல்விக்கூடங்களும் தூரத்தில் இல்லை. பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பொலிடெக்னிக் 1998 முதல் இயங்குகிறது. மின்னியல், இயந்திரவியல், வணிகம் போன்ற துறைகளில் அங்கே டிப்ளோமா படிக்கலாம். அதே 1998இல் இரண்டு நாட்டு அரசாங்கங்களின் ஒத்துழைப்பில் உருவான ஜப்பான் மலேசியா தொழில்நுட்பக் கழகம் புக்கிட் மின்யாக்கிலேயே இருக்கிறது. தீவில், 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதன் பொறியியல் வளாகம் 2001இல் நிபோங் திபாலுக்கு வந்தது. கெடாவில் செமலிங்கில் 2001இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது.

வேலையும் பக்கத்தில், படிப்பும் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வாய்க்காலைத் தாண்டுவதுதான் கேள்வி.

பாலம் போட்ட கதை

தொழிற்சாலையும் கல்விக்கூடமும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் இருந்த காலமும் உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906ஆம் ஆண்டு ஒரு புதுமை செய்தார். 27 பொறியியல் மாணவர்களைச் சேர்த்து, ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் பட்டறை என்று மாற்றி மாற்றி அனுப்பினார். படித்துக்கொண்டே சம்பாதித்த ஏழை மாணவர்கள், படிப்பு முடிந்தபின் வேலையில் நன்றாக முன்னேறுவதை அவர் கவனித்திருந்தார். குறையாக எண்ணப்பட்ட அந்த உழைப்பையே பாடத்திட்டமாக்கினார். இன்று உலகமெங்கும் நடக்கும் தொழிற்பயிற்சிப் பருவத்துக்கு அது ஒரு வேர்.

தமிழ்நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் ஏற்பட்டது. அதன் தொழிற்கூடத்தில் பம்புகளும் மோட்டார்களும் செய்தார்கள். 1951இல் அதே நிர்வாகத்தின் கீழ் பொறியியல் கல்லூரி பிறந்தபோது, மாணவர்களுக்குப் பட்டறை பக்கத்திலேயே இருந்தது. பாடத்தில் படித்த இயந்திரத்தை எண்ணெய்க் கையோடு தொட்டுப் பார்க்க முடிந்தது.

நம் பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அதே ஆண்டு வந்தது. முதலில் கேட்டது கைவேலைக்கு ஆட்களை. பத்துப் பதினைந்து வருடங்களில் இயந்திரங்கள் மாறின. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த தொழில்நுட்பர்கள் போதவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் அடுத்த கம்பெனியின் ஆளைக் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்தது. அதற்குப் பரிகாரமாக 1989இல் மாநில அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் கூடிப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தார்கள். போட்டிக் கம்பெனிகளே ஒரே கூரையின் கீழ் ஆட்களுக்குப் பயிற்சி தர ஒத்துக்கொண்டது பெரிய விஷயம்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. பயிற்சி மாணவனை ஏற்றுக்கொள்ளும் கம்பெனி தர்மம் செய்யவில்லை. அதற்கு ஆள் தேவை. நம் பிள்ளை அங்கே கையேந்திப் போகவில்லை என்பதை முதலில் அவனுக்குச் சொல்லுங்கள்.

பயிற்சிப் பருவம் என்றால் என்ன?

பொலிடெக்னிக் டிப்ளோமாவில் ஒரு பருவம் முழுவதும் வகுப்பு கிடையாது. மாணவர் ஒரு நிறுவனத்துக்குப் போய் வேலை செய்ய வேண்டும். மலாயில் 'லத்தீஹான் இண்டஸ்ட்ரி' என்கிறார்கள். பல்கலைக்கழகப் படிப்புகள் பலவற்றிலும் இது உண்டு. இதில் தேறாவிட்டால் டிப்ளோமாவோ பட்டமோ கிடைக்காது.

நடைமுறை பெரும்பாலும் இப்படி இருக்கும். சில மாதங்களுக்கு முன்பே மாணவர் தன்னைப் பற்றிய விவரக் குறிப்பைத் தயாரித்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார். கல்லூரி அத்தாட்சிக் கடிதம் தருகிறது. நிறுவனம் ஒப்புக்கொண்டதும் பயிற்சி தொடங்குகிறது. அன்றாடம் செய்த வேலையை ஒரு குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். விரிவுரையாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். முடிவில் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரு தவறு செய்கிறார்கள். வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகத் தெரிந்தவர் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். மின்னியல் படித்தவன் கணக்குச் சீட்டு அடுக்குகிறான். கையெழுத்தும் கிடைக்கிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது, தொழில் மட்டும் வருவதில்லை. பயிற்சிப் பருவம் என்பது ஒரு கம்பெனி மாதக்கணக்கில் நம் பிள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. நேரத்துக்கு வருகிறானா, சொன்னதைக் கேட்கிறானா, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறானா என்று அவர்கள் பார்க்கிறார்கள். பிடித்துப்போனால் அங்கேயே வேலை கிடைக்க வழியுண்டு. கிடைக்காவிட்டாலும், அடுத்த மனுவில் பெயர் குறிப்பிட ஒரு மேலதிகாரி இருப்பார். அன்று மண்டோர் சொன்ன வார்த்தையை இன்று அவர் சொல்வார்.

சில இடங்களில் பயிற்சி மாணவரை நாள் முழுவதும் நகல் எடுக்கவும் தேநீர் வாங்கவும் மட்டும் வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அப்படியானால் பொறுத்துக்கொண்டு கடைசி வாரத்தில் அழுவதில் பயனில்லை. இரண்டாம் வாரமே கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். இடம் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கல்லூரிக்குள் இருக்கும் உதவிகள்

பயிற்சிப் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் ஆண்டிலேயே செய்யக்கூடியவை பல.

வேலை வழிகாட்டிப் பிரிவு அல்லது மாணவர் விவகாரப் பிரிவு எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். மனு எழுதுவதைத் திருத்தித் தருவது, நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை நடத்துவது, வேலைவாய்ப்புக் கண்காட்சிக்குக் கம்பெனிகளை அழைப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஆலோசகர் ஒருவர் இருப்பார். துறை பிடிக்கவில்லை, வீட்டில் பணக் கஷ்டம் என்றால் அவரிடம் பேசலாம். நூல் நிலையம், கணினிக் கூடம், பட்டறை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு இவை பெரிய சொத்து. முன்னாள் மாணவர்கள் எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்பது விரிவுரையாளர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

கேட்பதுதான் நமக்குக் கஷ்டம். துரை முன்னால் தலை குனிந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய வழிவந்தவர்கள் நாம். அந்த அடக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மரியாதை என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். நேர்முகத் தேர்வில் அது எதிரியாகிறது. எல்லாம் தெரிந்த பையன் வாயைத் திறக்காமல் திரும்பி வருகிறான். விவாதக் குழுவிலோ தமிழ்ச் சங்கத்திலோ மேடையேறி நாலு வார்த்தை பேசிப் பழகினால் இந்தக் கூச்சம் போகும். மலாயிலும் ஆங்கிலத்திலும் தன் துறையைப் பற்றிப் பேசவும் பழக வேண்டும்.

'எனக்கு அனுபவம் எதுவும் இல்லையே, என்ன எழுதுவது?' என்று மாணவர்கள் கேட்பார்கள். விடுமுறையில் அப்பாவோடு போய்ச் செம்பனைப் பழம் பொறுக்கியிருந்தால் அது உழைப்பு. கோயில் திருவிழாவுக்கு வசூல் கணக்கு எழுதியிருந்தால் அது பொறுப்பு. தம்பி தங்கைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால் அது தலைமை. உண்மையை எழுதுவதில் வெட்கம் வேண்டாம்.

நம் சமுதாயத்திலேயே இதற்கு வழிகாட்டிகள் உண்டு. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்கலைக்கழக மாணவர்களைத் தொண்டர்களாக்கி நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் செய்தது. படித்தவன் படிப்பவனுக்குக் கை கொடுப்பது என்பதுதான் அதன் அடிப்படை. அங்கே சொல்லிக் கொடுத்த மாணவருக்கும் அது ஒரு பயிற்சியே.

ஓ.டி. காசு காட்டும் ஆசை

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். எஸ்.பி.எம். முடித்த பையன் ஆபரேட்டர் வேலைக்குப் போனால் அடுத்த மாதமே சம்பளம் வருகிறது. ஓ.டி. செய்தால் கையில் இன்னும் கூடுதலாக நிற்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்குகிறான், வீட்டுக்கும் கொடுக்கிறான். பக்கத்து வீட்டுப் பையனோ பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டு அப்பாவிடம் பஸ் காசு கேட்கிறான். இரண்டையும் பார்க்கும் தாய்க்கு மனம் தடுமாறுவது இயற்கை. மாதக் கடைசியில் அரிசிக் கடனை அடைக்க வேண்டியவள் அவள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் போட்டுப் பாருங்கள். இயந்திரம் மாறும்போது முதலில் வேலை போவது ஆபரேட்டருக்கு. அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவனுக்கு அன்றைக்குத்தான் வேலை கூடும். ரப்பர் மரங்களை வெட்டி நிலத்தை விற்றபோது, மரம் சீவ மட்டுமே தெரிந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். அதே பாடத்தைப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குள் மறுபடி படிக்க வேண்டுமா?

வீட்டு நிலைமை உண்மையிலேயே இடம் கொடுக்காவிட்டால் வேறு வழிகளும் உண்டு. 1997இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் படிப்புக் கடன் தருகிறது. கடன் என்பதால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2005 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பெரும்பகுதி நேரம் தொழிற்சாலையிலும் மீதி நேரம் பயிற்சி நிலையத்திலும் கற்கலாம். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று படிகளைக் கொண்டது. அதற்கு மேலே திறன் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் இருக்கின்றன. எஸ்.பி.எம்.மில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் கீழ்ப்படியிலிருந்து ஏற இடமுண்டு.

பெற்றோர் செய்யக்கூடியது

படிக்காத பெற்றோர் இதில் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பயிற்சிக்கு இடம் தேடும் மாதத்தில் பிள்ளையிடம் நாலு கேள்வி கேளுங்கள். நீ படிக்கும் துறைக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? அங்கே யார் உனக்குச் சொல்லித் தருவார்? மாதப்படி உண்டா, எவ்வளவு? விபத்து நேர்ந்தால் எந்தக் காப்புறுதி பொறுப்பேற்கும்? பயிற்சி மாணவருக்குக் கொடுப்பது சம்பளமல்ல, படிதான். சில இடங்களில் அது மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. ஆகவே அந்தச் சில மாதங்களின் பஸ் செலவுக்கும் வாடகைக்கும் முன்கூட்டியே மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் சேர்ப்பதுபோல் இதற்கும் ஒரு சீட்டுப் போடலாம்.

மகளாக இருந்தால் தூரம் என்று தடுக்காதீர்கள். தங்கும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், கூடத் தங்கும் பெண்களைத் தெரிந்துகொள்ளுங்கள், கல்லூரி ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனம் திருப்தியானபின் அனுப்புங்கள். அண்ணன் தீவுக்கு வேலைக்குப் போகலாம், தங்கை ஜுருவைத் தாண்டக்கூடாது என்றால் அவள் படித்த படிப்பு வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

வேலை கிடைத்த பிள்ளைகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. உங்கள் கம்பெனி அடுத்த முறை பயிற்சி மாணவரைக் கேட்கும்போது, நீங்கள் படித்த கல்லூரிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். லயத்துக் கடைசி வீட்டில் எந்தப் பிள்ளை எந்த ஆண்டு படிக்கிறது என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேளுங்கள்.