தாய்வழிக் குடியும் இளமையில் வரும் நடுக்கமும்

மட்டக்களப்பு வாவியிலே வீச்சுவலை எறிபவனுக்குக் கைந்நிதானமே முதல். அக்கை முப்பத்தைந்து வயதிலேயே நடுங்கத் தொடங்கினால், 'கண்ணூறு' என்பார் சிலர். 'குடியின் குறை' என்பார் வேறு சிலர். நடுக்குவாதம் முதியோர்க்கே உரியது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம் அன்றோ?

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோய், பெரும்பாலும் முதுமையில் வருவதே. ஆயினும் 50 வயதுக்கு முன்னரே பற்றுவதும் உண்டு. அவ்வாறு இளமையில் நோயுறுவோருள் ஒரு பகுதியினருக்குப் பரம்பரை அலகின் பழுதே காரணமாகும். 1998இல் ஜப்பானிய அறிஞர்கள் 'பார்க்கின்' என்னும் அலகைக் கண்டறிந்தனர். 2004இல் இத்தாலி, ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தோர் 'பிங்க் 1' என்பதன் பழுதைக் கண்டனர்.

கலத்தின் அடுப்பு

நம் உடலின் கலங்களுக்குச் சக்தி அளிக்கும் அடுப்புகள் இழைமணிகள். அடுப்பு பழுதானால் புகை சூழ்வதுபோல, பழுதுற்ற இழைமணி கலத்துக்கே கேடு செய்யும். அத்தகைய இழைமணியை அடையாளமிடுவது பிங்க் 1. அவ்வடையாளத்தைக் கண்டு அதனை அகற்ற வழிசெய்வது பார்க்கின். பிடித்த இறாலில் கெட்டதைப் பொறுக்கி எறிவது போன்றதே இத்தொழில். இது தவறும்போது மூளையில் டோபமைன் சுரக்கும் கலங்கள் மெல்ல மடிகின்றன. நடுக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன.

பழி யாருக்கு?

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியே எண்ணுவர். இழைமணியும் தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது. எனவே இந்நோய்க்குத் தாயின் குடியே காரணம் என்று எவரேனும் முடிவுகட்டினால், அது பெருந்தவறு. பார்க்கினும் பிங்க் 1உம் இழைமணிக்குள் உள்ள அலகுகள் அல்ல. கலத்தின் கருவிலுள்ள நிறமூர்த்தங்களில் அமைந்தவை. தந்தையிடமிருந்து ஒரு படியும் தாயிடமிருந்து ஒரு படியும் வருகின்றன. பொதுவாக இரு படிகளும் பழுதுபட்டால்தான் இவ்வகை நோய் தோன்றும். ஒவ்வொரு படி மட்டும் பழுதுற்ற பெற்றோர் நலமாகவே வாழ்வர். அவர்தம் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நோய்வாய்ப்பு நான்கில் ஒன்று.

மாமன் மகள் வேறு குடியினள் ஆதலால் அவளை மணம் முடிக்கலாம் என்பது நம் வழக்கு. குடி வேறாயினும், மச்சானுக்கும் மச்சாளுக்கும் பாட்டன் பாட்டி ஒருவரே. அவர்களிடமிருந்த ஒரே பழுது இருவரையும் வந்தடையக்கூடும். இதனைக் குடிக்கணக்கு காட்டித்தராது.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் லெவோடோபா என்னும் மருந்து நல்ல பயன் தருகிறது. பார்க்கின் பழுதால் நோயுற்றோர்க்குச் சிறு அளவே போதுமாதல் உண்டு. நோயும் மெல்லவே முதிர்கிறது. நம் புதர்களில் படரும் பூனைக்காலி விதையிலும் இம்மருந்துப் பொருள் உண்டு. அதற்காக அதனை அளவறியாது அரைத்து உண்பது ஆபத்து.

ஆகவே, இளங்கை நடுங்கினால் குடியை விசாரியாதீர். நரம்பியல் வைத்தியரை நாடுவீர். மணம் பேசும் வீட்டில் இந்நோய் பற்றிய பேச்சு எழுந்தால் ஒளியாதீர். வைத்தியரின் ஆலோசனையைக் கேளுங்கள். பெற்ற தாயின்மீது பழி போடுவது மட்டும் வேண்டாம்.