மூச்சு முட்டாது, இருமலும் வராது: குளிருக்கு அறைக்குள் கரி மூட்டினால் என்ன நடக்கிறது?

நவம்பர் பிறந்து நீர்ப்பனி முடிந்ததுமே ஊட்டியிலிருந்து அந்தப் படம் வந்துவிடும். குதிரைப் பந்தய மைதானத்துப் புல், தலைகுந்தா புல்வெளி, நிறுத்திவைத்த கார்களின் கூரை எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். ‘வெள்ளைக் கம்பளம்’ என்ற வார்த்தை இல்லாமல் அந்தப் படத்துக்கு இதுவரை யாரும் தலைப்பு வைத்ததாகத் தெரியவில்லை. பார்த்தவுடன் சமவெளியிலிருந்து வண்டி கிளம்பிவிடும்.

படத்தில் தெரியாதது அன்றைய இரவு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகிற குளிர் அங்கே புதிதல்ல. ஆனால், குளிர் நாடுகளில் இருப்பதுபோல வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு இங்கே கிடையாது. சிமென்ட் தரை, காங்கிரீட் கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி எட்டு மணிக்குள் சுவர் கைவிட்டுவிடும். அதன்பிறகு, இரும்புச் சட்டியில் நாலு கைப்பிடி கரியைப் போட்டு, வாசலில் மூட்டி, கனன்றதும் அறைக்குள் தூக்கிவைக்கும் பழக்கம்தான் பல இடங்களில் கைகொடுக்கிறது.

இதே பழக்கத்தால்தான் குளிர்காலங்களில் இன்னொரு செய்தியும் வருகிறது. இரவு கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை. “மூச்சுத் திணறி உயிரிழந்தனர்” என்று அந்தச் செய்தியில் இருக்கும். சிக்கலே அந்த வரியில்தான். படிக்கிறவர் என்ன நினைப்பார்? ‘திணறினால் நமக்கு முழிப்பு வந்துவிடுமே, எழுந்து கதவைத் திறந்தால் போச்சு’ என்று நினைப்பார். உண்மையில் அவர்களுக்கு மூச்சு திணறவே இல்லை.

புகைதான் இல்லையே?

விறகை யாரும் படுக்கையறைக்குள் மூட்டுவதில்லை. கண் எரியும், இருமல் வரும், இரண்டே நிமிடத்தில் வெளியே ஓட வேண்டியிருக்கும். கரி அப்படி இல்லை. காரணம், மரத்தில் புகையாக வரவேண்டிய சமாச்சாரங்கள் எல்லாம் சூளையில் மூட்டம் போடும்போதே வெளியேறிவிட்டன. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வெறும் கார்பன். அதனால் சிவப்பாகக் கனலும், கண்ணை உறுத்தாது. ‘சுத்தமான நெருப்பு’ என்ற எண்ணம் இப்படித்தான் வருகிறது.

கரி எரியும்போது நடப்பது வேறு. கரித்துண்டுகளுக்கு நடுவே போதுமான காற்று போகாத இடத்தில் கார்பன் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. முழுதாக எரிந்து உண்டான கார்பன் டை ஆக்சைடுகூட, மேலே உள்ள சூடான கரி வழியாக ஏறும்போது மறுபடி கார்பன் மோனாக்சைடாக மாறும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. சாம்பல் பூத்து ‘அணைஞ்சிருச்சு’ என்று நாம் நினைக்கிற கரியும் உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கும், மணிக்கணக்கில் இந்த வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். வெளியே பார்பிக்யூ போட்டு, சாப்பிட்டு முடித்து, ‘மிச்சக் கனலை ஏன் வீணாக்கணும்’ என்று அடுப்பைக் காட்டேஜுக்குள் இழுத்து வைத்துவிடுகிறார்கள். மழை தூறினால் கேட்கவே வேண்டாம்.

ரத்தத்தில் இடம் பிடிக்கும் வாயு

நம் ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றிச் செல்வது ஹீமோகுளோபின். அதை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் ஏறும், உடம்புக்குள் தேவைப்படும் நிறுத்தத்தில் இறங்கும். கார்பன் மோனாக்சைடு அதே சீட்டில் ஏறி உட்கார்ந்தால் லேசில் இறங்காது. ஹீமோகுளோபினோடு அது ஒட்டும் வலு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். காற்றில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றாலும், நேரம் ஆக ஆக ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் அடிவாங்குவது மூளையும் இதயமும். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சரி, உடம்பு ஏன் எச்சரிப்பதில்லை? மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாத தவிப்பு வருகிறதல்லவா, அதை முக்கியமாகக் கிளப்பிவிடுவது ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு. கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் மூச்சு வழக்கம்போல் உள்ளே போய் வெளியே வருகிறது, கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. எனவே அந்தத் தவிப்பு வருவதில்லை. தலைவலி, மயக்கம், கைகால் சோர்வு வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது, தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். கொஞ்சம் மது அருந்திவிட்டுப் படுத்திருந்தால் விழிக்கிற வாய்ப்பு இன்னும் குறைவு.

‘ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா போதும்ங்க!’

மலையில் அடிக்கடி காதில் விழும் சமாதானம் இது. எவ்வளவு திறந்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் இதற்குப் பதில். கரி எவ்வளவு, அறை எவ்வளவு பெரியது, வெளியே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லாவற்றையும் பொறுத்தது அது. ‘விஷ வாயு கனமானது, தரையில்தான் தங்கும், கட்டிலில் படுத்தால் பயமில்லை’ என்று நம்புகிறவர்களும் உண்டு. கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடைதான். அறை முழுக்கக் கலந்துவிடும், கட்டில் தரை என்று பார்க்காது. போதாததற்கு, குளிர் தாங்காமல் நள்ளிரவில் யாராவது எழுந்து அந்த ஜன்னலையும் சாத்திவிடுவார்கள்.

“எங்க பாட்டி காலத்துல இருந்து இப்படித்தானே காயறோம், ஒண்ணும் ஆகலையே?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பாட்டி இருந்த வீடு வேறு. ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது. பலகைக் கதவில் சந்து இருந்தது. குளிர் உள்ளே வந்த அதே வழியில் வாயுவும் வெளியே போனது. ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி வைத்தார்கள். இன்றைய காங்கிரீட் அறையில், இறுகச் சாத்திக்கொள்ளும் அலுமினிய ஜன்னலுக்குள், அந்தப் பழைய சட்டியை மட்டும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பழக்கம் அப்படியே இருக்கிறது, வீடு மாறிவிட்டது.

குளிர் பழகாதவர்கள்

இந்த விபத்து ஏழைகளுக்கோ, படிக்காதவர்களுக்கோ மட்டும் நடப்பது என்று நினைத்தால் தவறு. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைப்பகுதிக்குச் சுற்றுலா சென்ற கேரளத்தினர் எட்டுப் பேர், ஒரே அறையில் தூங்கியவர்கள், காலையில் மயங்கிய நிலையில் கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் காத்மாண்டு கொண்டுபோயும் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. அவர்களில் நாலு பேர் குழந்தைகள். குளிருக்காக அறையில் வைத்திருந்த காஸ் ஹீட்டர்தான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்தைப் பனிப்புயல் தாக்கியது. வெயிலுக்குப் பேர்போன மாகாணம் அது. லட்சக்கணக்கான வீடுகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. பார்பிக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், ஜெனரேட்டரை உள்ளேயே ஓட்டியவர்கள், கராஜில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தவர்கள் என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பின. அந்தப் புயலில் மாகாண அரசு கணக்கிட்ட 246 மரணங்களில் 19 கார்பன் மோனாக்சைடால் நேர்ந்தவை. கேரளத்துக்காரரும் டெக்சஸ்காரரும் செய்தது ஒன்றுதான். குளிர் அவர்களுக்குப் புதிது, நெருப்பு பழையது. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொடைக்கானல் போகிறவர்கள் நிலைமையும் இதுவே.

அப்போ குளிருக்கு என்னதான் பண்றது?

அறைக்குள் நெருப்பு எந்த உருவிலும் வேண்டாம். கரிச்சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, புகைபோக்கி இல்லாத காஸ் ஹீட்டர் மூன்றும் ஒரே கணக்குதான். விடுதி ஊழியரே அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வெளியே மூட்டுங்கள், வெளியிலேயே உட்கார்ந்து குளிர் காயுங்கள், சட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, அதனால் கார்பன் மோனாக்சைடு வராது. ‘ஹீட்டர் ஆக்சிஜனைக் குடித்துவிடும்’ என்ற பேச்சு கம்பிச்சுருள் ஹீட்டருக்குக்கூடப் பொருந்தாது. காற்று வறண்டுபோய் மூக்கும் தொண்டையும் காய்வதைத்தான் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். இரவு முழுக்கத் தேவைப்பட்டால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை நல்லது. சூடாக நேரமெடுக்கும், ஆனால் சிவந்து கனலும் கம்பி கிடையாது. ஃபேன் ஹீட்டர் சட்டென்று அறையைச் சூடாக்கும், படுப்பதற்குமுன் அரை மணி நேரம் ஓட்ட ஏற்றது.

இதில் ஆபத்து வயரிங்கில் இருக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதற்குத் தாங்காது. கீசருக்கு இருக்கிறதே, அந்த மாதிரி 16 ஆம்பியர் பாயின்டில் நேரடியாக மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் வயர் உருகும். போர்வை, திரைச்சீலை எல்லாம் ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஊட்டியில் துணி காயாது என்பது ஊரறிந்த வருத்தம், அதற்காக ஹீட்டர் மேலேயே ஈரச் சட்டையைப் போடுவதுதான் தீ விபத்தின் ஆரம்பம்.

செலவும் இருக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாத மின் கணக்கில் 600 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் இருக்கிறவர்களிடம் ‘ஹீட்டர் வாங்குங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது அறிவுரையே ஆகாது. அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கக்கூடியது, அறையைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவது: படுக்கைக்குள் ரப்பர் வெந்நீர்ப் பை, தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், மேலே போர்த்துவதைவிட முக்கியமாகத் தரைக்கும் பாய்க்கும் நடுவே ஒரு தடிமனான விரிப்பு. எல்லோரும் ஒரே அறையில் படுத்தால் அதுவே பாதிச் சூடு. கதவிடுக்கில் பழைய துணியைச் செருகுவதும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால், உள்ளே எந்த நெருப்பும் இல்லை என்றால் மட்டும்.

குளியலறையில் காஸ் கீசர் இருக்கும் வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை. கீசர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், அதன் புகை வீட்டுக்கு வெளியே போக வேண்டும். அறை புக் செய்யும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா?

மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி வந்தவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் சகஜம். அதனால் உண்மையான அறிகுறியும் இதில் மறைந்துவிடும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயம் தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது, வெளியே வந்தால் கொஞ்சம் தெளிகிறது என்றால் சாப்பாட்டையோ குளிரையோ குறைசொல்லிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். எழ முடியாதவரை இழுத்தாவது திறந்த வெளிக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். சூடாக டீ கொடுத்து மறுபடி படுக்க வைப்பது கூடவே கூடாது.

ஆஸ்பத்திரியில் தரும் சிகிச்சை ஆக்சிஜன்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகிறது. அன்றைக்குத் தேறிவிட்டவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மறதி, தடுமாற்றம் போன்ற கோளாறுகள் தலைகாட்டுவதும் உண்டு.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று, அறையில் கரியோ காஸோ எரிந்தது என்பது. கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பழகிய பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினுக்கும் வித்தியாசம் தெரியாது. உயிருக்குப் போராடுகிறவரின் விரலிலும் அது 98 என்று காட்டும். உண்மையான அளவைத் தனி ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், கரி மூட்டிய விஷயத்தை நீங்கள் சொன்னால்தான் அந்தப் பரிசோதனை எடுக்க அவருக்குத் தோன்றும்.