03/04/2027 எந்த மாதம்?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை. உள்ளூர் மருந்துக்கடை முதல் வெளிநாட்டு மருத்துவமனை வரை அது போகிறது. அப்படிக் கப்பலேறும் பெட்டி ஒன்றில் காலாவதித் தேதி 03/04/2027 என்று அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விருதுநகரில் படிப்பவருக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்காவில் படிப்பவருக்கு மார்ச் 4. இரண்டுக்கும் இடையே 30 நாள்.

தேதியில் குழப்பமில்லை. அதை எழுத்தாக்கிய விதத்தில்தான் குழப்பம். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி.

உள்ளே எண், வெளியே எழுத்து

பெரும்பாலான கணினிகள் நேரத்தை ஒற்றை எண்ணாகவே வைத்திருக்கின்றன. 1970 ஜனவரி 1 அன்று, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு முதல் எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்பதே அந்தக் கணக்கு. உதாரணமாக 1735669800. இதில் கிழமையும் இல்லை, மாதமும் இல்லை. மனிதர் படிக்கும்படி மாற்ற வேண்டுமானால் எந்த ஊர் நேரம், எந்த வடிவம் என்ற இரண்டையும் நிரலாளர் சொல்லியாக வேண்டும்.

மேலே சொன்ன எண், ஸ்ரீவில்லிபுத்தூரில் 2025 புத்தாண்டு பிறந்த நள்ளிரவு. அதே விநாடி கிரீன்விச்சில் 2024 டிசம்பர் 31, மாலை 6.30. சர்வர்கள் பல கிரீன்விச் நேரத்தில் ஓடுபவை. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், புத்தாண்டு பிறந்ததும் போட்ட பில் பழைய ஆண்டுக் கணக்கில் போய் உட்காரும்.

வடிவத்தைச் சொல்ல எழுத்துக் குறியீடுகள் உண்டு. சி, பைத்தான் மொழிகளில் சதவீதக் குறிக்குப் பின் சிறிய 'எம்' வந்தால் மாதம், பெரிய 'எம்' வந்தால் நிமிடம். ஜாவாவில் நேர்மாறு: பெரியது மாதம், சிறியது நிமிடம். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கை பழையபடியே தட்டிவிடும். மாதம் 47 என்று திரையில் வரும்.

அது உடனே கண்ணில் படும். படாதது இன்னொன்று. ஜாவாவில் சிறிய 'ஒய்' நாம் அறிந்த ஆண்டு. பெரிய 'ஒய்' வாரக் கணக்கில் அமைந்த ஆண்டு. 2024 டிசம்பர் 30 அன்று தொடங்கிய வாரத்துக்குள் ஜனவரி 1 வந்துவிடுவதால், பெரிய எழுத்தைப் போட்டால் அந்த நாள் 30-12-2025 என்று அச்சாகும். ஆண்டு திரும்பும் வாரம் தவிர மற்ற நாள்களில் எல்லாம் சரியாகவே வருவதால் சோதனையில் தப்பிவிடும்.

ஒரே பெட்டியில் பல தேதிகள்

03/04 போன்ற குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1988இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம் வந்தது. முதலில் ஆண்டு, பிறகு மாதம், கடைசியில் நாள்: 2027-04-03. எவருக்கும் ஐயம் வராது. கோப்புகளின் பெயரில் இட்டால் அகர வரிசையே கால வரிசையாகவும் அமையும். மருத்துவப் பொருள்களின் சிட்டையில் மணற்கடிகாரப் படத்தின் பக்கத்தில் காலாவதித் தேதியை இப்படித்தான் எழுத வேண்டும் என்கிறது அத்துறைக்கான தரம். அதே பெட்டியில் ஜி.எஸ்.1 என்ற சர்வதேச முறைப்படி அமைந்த பார்கோடிலோ அது 270403 என்று ஆறே இலக்கம். நூற்றாண்டு அதில் இல்லை. படிக்கும் கருவி ஒரு விதியை வைத்து ஊகித்துக்கொள்கிறது.

நூற்றாண்டை விழுங்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புகின்றன. 2025 ஏப்ரலில் பிறந்தது விசுவாவசு. 1965 ஏப்ரலில் பிறந்ததும் விசுவாவசுதான். கல்யாணப் பத்திரிகையில் வருடப் பெயர், தமிழ் மாதம், நட்சத்திரம் எல்லாம் சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத் தேதியையும் போடுவது அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது.

அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரே சாட்சி. அவ்வூர் ஆண்டாளின் திருப்பாவையில் மாதம் உண்டு, முழுநிலா உண்டு, வெள்ளி எழ வியாழன் மறைந்த செய்தியும் உண்டு. ஆண்டு மட்டும் இல்லை. அந்தக் கோள்நிலையை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்ட தமிழறிஞர் மு. இராகவையங்கார் கி.பி. 731 என்றார். அத்தகைய கோள்நிலை வேறு ஆண்டுகளிலும் அமையும் என்பதால் விவாதம் முடிந்தபாடில்லை. எழுத்திலிருந்து தேதியை மீட்பது, தேதியை எழுத்தாக்குவதைவிடக் கடினம்.

எனவே நிரலாளர்கள் நடந்து முடிந்தவற்றை எண்ணாகவே சேமித்து, திரைக்கோ அச்சுக்கோ போகும் கடைசிக் கட்டத்தில்தான் எழுத்தாக்குகிறார்கள். வரப்போகும் முகூர்த்தம், தேர்வு போன்றவற்றுக்கு உள்ளூர் நேரத்தோடு 'ஆசியா/கொல்கத்தா' என்ற நேரமண்டலப் பெயரையும் சேர்த்துவைப்பது வழக்கம். கிரீன்விச்சோடு உள்ள வித்தியாசமான +05:30 மட்டும் ஏன் போதாது? அந்த வித்தியாசமே மாறக்கூடியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. அக்காலத்தில் பிறந்தவருக்கு ஜாதகம் கணிப்பவர்கள் யுத்தகால நேரம் என்று ஒரு மணியைக் கழிப்பார்கள். உலகெங்கும் கணினிகள் பயன்படுத்தும் நேரமண்டலத் தரவுத்தளத்திலும், கொல்கத்தா என்ற பெயரின் கீழ், அதே ஒரு மணி நேரம் பதிவாகியிருக்கிறது.