விடுமுறையில் எழுதிய கடிதங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்படிப் பொழுதைப் போக்குகிறார்கள், வாசகர்களே? கைப்பேசியை எடுத்தால் கீழே வைப்பதில்லை என்று பெற்றோர் என்னிடம் முறையிடுகிறார்கள். தோட்டத்துப் பள்ளி ஆசிரியனான எனக்கு இது பழகிப்போன புகார்.

எங்கள் காலத்து விடுமுறை வேறு. ஆகஸ்டில் பொறுக்கி மைலோ டின்னில் சேர்த்த ரப்பர் விதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குத்துவோம். உடையாத விதைக்காரனே ராஜா! விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைப்போம். தீப்பெட்டியில் சிலந்தி வளர்த்துச் சண்டைக்கு விடுவோம். மழையில் கால்வாய் நிரம்பினால் தூண்டிலோடு கிளம்பிவிடுவோம்.

1991-ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு நீலநிற விமானத்தாளில் ஊருக்குக் கடிதம் எழுதித் தருவது. கூலி இருபது காசு. ஆறாம் வகுப்பு முடித்த பையனுக்கு அது பெரிய வருமானம்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். ஸ்டோரில் ஜாகா வேலை பார்த்து ஓய்ந்தவர். யாரோடும் பேசமாட்டார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'உம்மணாமூஞ்சி'. அவரும் ஒருநாள் கூப்பிட்டார். சேலத்துப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தங்கைக்குக் கடிதம்.

"நான் நலம். சின்னண்ணனும் நலம். அவன் பேரன் இந்த வருசம் பரீட்சை எழுதினான்னு போடு. அய்யா, உனக்குக் கணக்குல என்ன வந்துச்சு?"

"ஏ, தாத்தா."

"அப்ப அவனுக்கும் ஏ."

எனக்குத் திக்கென்றது. "உங்க தம்பி எங்கே இருக்காரு தாத்தா?" என்றேன். வெகுநேரம் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்.

அண்ணனும் தம்பியும் 1937-இல் கங்காணியோடு வந்தவர்கள். அதற்கு மறு ஆண்டே, 1938-இல், தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். 1943-இல் ஒரு காலை, பெரட்டுக்களத்தில் ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலைதான் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணன் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார்.

சயாம் மரண ரயிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. மாண்ட போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். காஞ்சனாபுரியில் அவர்களுக்குக் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போல் பல மடங்கு. அவர்களில் நம் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது.

போர் முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும் தாயாரிடமிருந்து கடிதம் வந்ததாம். சின்னவன் எப்படி இருக்கிறான் என்று. 'நலம்' என்று எழுதச் சொன்னார். அந்த ஒரு சொல்தான் ஆரம்பம். ஊரில் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். அவனுக்கு இங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுத வேண்டியதாயிற்று. பிறகு பிள்ளைகள், பிள்ளைகளுக்குக் காதுகுத்து, பேரன். தாயார் போனார், தங்கை கேட்கத் தொடங்கினாள். தாத்தா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் தம்பி குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை!

பொய் சொல்லக்கூடாது என்று வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று ஆண்டும் நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பேரன் என்னைப் போலவே படித்தான். எனக்கு அம்மை வந்தபோது அவனுக்கும் வந்தது. இருபது காசு வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

1994-இல் தாத்தா இறந்தார். தோட்டத்து ஆட்கள்தான் எடுத்துப் போட்டார்கள். என் அப்பா கொள்ளி வைத்தார். இரண்டு வாரம் கழித்துத் தங்கையின் கடிதம் வந்தது. சின்னண்ணன் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்து அனுப்பக்கூடாதா என்று கேட்டிருந்தாள்.

அன்றிரவு விளக்கடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியண்ணன் காலமான தேதியை எழுதினேன். நோயை எழுதினேன். எல்லாம் உண்மை. கடைசியில், கொள்ளி வைத்தது சின்னண்ணன்தான் என்று எழுதி, தாளை மடித்து ஒட்டினேன்.