உப்பளத்தில் ஒரு காமிரா

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரயாணம் கிளம்பினால், நம்மில் பலருக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. கண்டதையெல்லாம் 'க்ளிக்' செய்கிறோம். வீடு திரும்பிப் பார்த்தால் முந்நூறு படங்கள். சுவரில் மாட்ட ஒன்று தேறாது! இந்த வியாதி எனக்கும் உண்டு. பிப்ரவரி மாதத்தில் இடையஞ்சாவடியில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியபோதுதான் அது ஓரளவு குணமாயிற்று.

இடையஞ்சாவடி, புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லை ஒட்டிய செம்மண் மேட்டில் இருக்கிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது, மழைநீர் அரித்த பொட்டலாகக் கிடந்த மேடு அது. இன்று காடு அடர்ந்திருக்கிறது. எஞ்சியிருக்கும் செம்மண் பள்ளம் ஒன்றை உச்சி வெயிலில் படம் எடுத்தேன். சப்பென்று இருந்தது. மாலை ஐந்து மணிக்கு வெயில் பக்கவாட்டில் சாய்ந்ததும் அதே பள்ளத்தைப் பார்த்தால், ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கிறது! இடத்தைத் தேடி அலைவதைவிட, வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதே லாபம் என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் மரக்காணத்துக்குப் புறப்பட்டோம். வழியில் கழுவேலி. கடலோடு கழிமுகத்தால் இணைந்த பெரிய நீர்ப்பரப்பு இது. 2021-ல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று நின்றது. கிட்டப் போனால் படம் பெரிதாக விழும் என்று நான் நேராக நடந்தேன். நூறு தப்படி போவதற்குள் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்துவிட்டது. எனக்குக் கிடைத்தவை வெறும் வால்கள்!

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது மேய்கிற நேரம். வலசை திரும்பும் பறவைக்கு உடம்பில் கொழுப்புச் சேர வேண்டும். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அதைச் செலவழிக்க வைக்கிறாய்" என்றார். நெடுங்கால் உள்ளான் போன்ற பறவைகள் உப்பள வரப்பிலேயே முட்டையிடும். நாம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் தாய் வராது. முட்டை வெயிலில் வெந்துபோகும், அல்லது காக்கைக்கு இரையாகும்.

பிறகு அவர் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னார். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு பெரிய காமிராவை உருவாக்கி, 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளைப் படம் பிடித்தார். விலை உயர்ந்த லென்ஸ் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். (நான் நினைத்துக்கொண்டேன், ஏக்கம் முழுவதும் போகவில்லை.)

அன்று கற்ற பெரிய பாடம் உப்பளத்தில்தான். பாத்திகளில் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று இருந்தது. நல்ல கோணம் வேண்டுமென்று பூட்ஸோடு ஒரு பாத்தியில் கால் வைத்துவிட்டேன்.

"தம்பி! தம்பி! எறங்காத!" என்று உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடிவந்தார். "மிதிச்சு மிதிச்சுத் தரையக் கெட்டிப்படுத்தி வச்சிருக்கோம். நீ ஒரு மிதி மிதிச்சா உப்புல சேறு ஏறிப் போவும். அத எவன் வாங்குவான்?"

வெட்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "உங்களை ஒரு படம் எடுக்கலாமா, அம்மா?" என்றேன். அதற்கும் கணக்கு வைத்திருந்தார்: "வர்றவங்க எல்லாம் புடிக்கிறாங்க. ஒருத்தரும் காட்டுனதில்ல."

எடுத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "இதுல என் மூஞ்சி எங்க?"

உண்மைதான். காமிரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சமாகவே எண்ணிக்கொள்ளும். உப்பின் வெண்மையில் ஏமாந்து படத்தை மங்கலாக்கிவிடும். உப்பு சாம்பலாகும், முகம் இருளாகும். எக்ஸ்போஷரை ஒரு படி, ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். கைபேசிக்காரர்கள் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தை ஏற்றினால் போதும். அப்படியே செய்தேன். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள், தலையில் சுற்றிய துணி, பின்னால் உப்புக் குவியல், எல்லாம் வந்தன. "இப்ப சரி. ஒண்ணு கொண்டாந்து குடு" என்றார்.

(உப்புக் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் காமிராவின் மேற்புறத்தைத் துடையுங்கள். உப்பு உலோகத்தைத் தின்றுவிடும்.)

அடுத்த மாதம் பெரிதாக ஒரு பிரதி போட்டு எடுத்துப் போனேன். அந்த அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகு நேரம் பார்த்தார். பக்கத்துப் பாத்திக்காரர்களும் கூடிவிட்டார்கள். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"படம் நல்லாத்தான் இருக்குது, தம்பி. ஆனா எங்க வரப்பு இம்மாங் கோணலா இல்லியே?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அடிவானம் சாய்ந்திருந்தது.