கடலைக் குடித்து ஓடும் இன்ஜின்

வள்ளத்தின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. அந்த வேலையைக் கடலே செய்கிறது. ப்ரொபெல்லருக்குச் சற்று மேலே உள்ள சல்லடை வழியாக நீர் நுழைந்து, சிலிண்டரைச் சுற்றி வந்து, புகையோடு கீழே வெளியேறும். அதில் கொஞ்சம் பக்கத்துத் துளையில் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாரையைத்தான்.

நீரை மேலே ஏற்றுவது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர் சக்கரம். அது சுழலும் கிண்ணத்தின் மையமும் சக்கரத்தின் மையமும் ஒன்றல்ல. அதனால் அதன் இதழ்கள் ஒரு பக்கம் மடங்கி, மறுபக்கம் நிமிர்கின்றன. நிமிரும்போது இடம் பெருகி நீர் உறிஞ்சப்படும். மடங்கும்போது இடம் சுருங்கி நீர் மேலே தள்ளப்படும். வேகம் கூடினால் இன்னும் அழகு: நீரின் அழுத்தமே இதழ்களைச் சுவரிலிருந்து விலக்கிவிட, அதே சக்கரம் மையவிலக்கு பம்ப்பாக மாறிவிடுகிறது. இதழ் தேய்ந்த இன்ஜின் வேகத்தில் சமாளித்து, மெதுவாக ஓடும்போது சூடேறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்த ரப்பருக்கு நீர்தான் மசகு. கரையில் வைத்து வெறுமனே ஓட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகிவிடக்கூடும்.

தாரை நின்றால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம். துளையில் மட்டும் மணலோ உப்போ அடைத்திருந்தால் மெல்லிய கம்பி போதும். இம்பெல்லர் பிய்ந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு வேலை முடியாது. பிய்ந்த துண்டுகள் மேலே போய் நீர்வழியை அடைத்திருக்கக்கூடும். அவற்றையும் தேடி எடுக்க வேண்டும்.

உப்பின் குணம் விசித்திரமானது. சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரையும். கடல்நீரிலுள்ள சுண்ணாம்பு உப்புகளோ சூடு ஏற ஏறக் கரையாமல் படியும். படிந்த படலம் வெப்பத்தை வெளியேறவிடாது. அதனால் சூடு இன்னும் ஏறும். கார் இன்ஜினை விடக் குறைந்த வெப்பத்திலேயே, பல அவுட்போர்டுகளில் 50, 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே, நீர்வழியின் வெப்ப வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கரை திரும்பியதும் நன்னீர் விட்டு ஓட்டிக் கழுவுவது எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

சூடேறுவது ஒரு தொல்லை என்றால், ஸ்டார்ட் ஆகாதது இன்னொன்று. அதற்குக் குமரி, கேரளக் கரைகளில் தனிக் காரணம் ஒன்று உண்டு: மண்ணெண்ணெய். பெட்ரோலின் ஆவி உறைகுளிரிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்குச் சுமார் 38 டிகிரியாவது வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றாமல் அப்படியே நிறுத்திவிட்டால், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் விடியலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பிளக் நனையுமே தவிர, இன்ஜின் பிடிக்காது. கரையை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.