தீவகப் பெண்களின் சைக்கிள் பயணமும் முதுகில் ஏறும் தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் அதனை அண்டிய தீவுகளையும் பொறுத்தவரையில் பெண்கள் சைக்கிள் ஓட்டுவது புதுமையான செய்தியன்று. பாடசாலை மாணவி, ஆசிரியை, தாதி, குடும்ப நல உத்தியோகத்தர், சந்தைக்குச் செல்லும் குடும்பத் தலைவி எனப் பலரும் இவ்வாகனத்தையே நம்பி வாழ்ந்துள்ளனர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகக் கிராமத்துப் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓட்டப் பழகியது ஒரு சமூகப் புரட்சியாகப் பேசப்பட்டது. அதே காலத்தில் எரிபொருள் தடைக்குள் சிக்கியிருந்த எமது பெண்களோ எவ்வித ஆரவாரமுமின்றி முழுக் குடும்பத்தின் போக்குவரத்தையும் சைக்கிளின் மீது ஏற்றியிருந்தனர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி நாடு முழுவதையும் அதே நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆயினும், இப்பயணங்களில் பெண்கள் போதியளவு தண்ணீர் அருந்துகின்றார்களா என்ற கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே.

ஊர்காவற்றுறைப் பிரதேசத்தின் சுருவில் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்கு வரும் ஒருவர் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி ஆகிய ஊர்களைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தைக் கடக்க வேண்டும். நிதானமாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு இது ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணமாகும். பாதையின் கணிசமான பகுதியில் நிழல் கிடையாது. இருபுறமும் கடல், நடுவே தார் வீதி, தலைக்கு மேலே வெயில். சோழகக் காற்று வீசும் மாதங்களில் வீடு திரும்பும் பயணம் எதிர்க்காற்றில் அமைந்து உழைப்பை இரட்டிப்பாக்கி விடுகின்றது. காற்று வீசுவதனால் வியர்வை உடனுக்குடன் உலர்ந்து போவதும், அதனால் உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது ஓட்டுபவருக்கே தெரியாமற் போவதும் கடலோரப் பயணத்தின் மறைமுகமான ஆபத்தாகும். வெப்பமான காலநிலையில் உடலுழைப்பில் ஈடுபடும் ஒருவர் மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரையிலும், சிலர் அதற்கு மேலாகவும் வியர்வையை இழக்கின்றனர்.

இழந்த நீரை வழியில் எங்கேனும் ஈடுசெய்யலாம் என்றால் அதுவும் இங்கு இலகுவன்று. தீவுகளில் ஆறில்லை. சுண்ணக்கற் பாறைகளிலும் மணலிலும் தேங்கும் மழைநீர், உவர்நீரின் மீது மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலேறி விடும். மண்கும்பான், சாட்டி போன்ற மணற்பாங்கான இடங்களில் நன்னீர் கிடைத்தாலும் ஏனைய பல கிராமங்களில் வீதியோரக் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதது. எனவே தீவகத்தில் வெளியே புறப்படுபவர் தனக்குரிய தண்ணீரையும் தானே கொண்டு செல்வது தவிர்க்க முடியாததாகின்றது.

பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. அதனை வெளிப்படையாகப் பேசுவதற்கு எமது சமூகம் இன்னமும் கூச்சப்படுகின்றது. வழியில் ஒதுங்குவதற்குத் துப்புரவான மலசலகூடம் இல்லை என்பதனால் பல பெண்கள் புறப்படுவதற்கு முன்னரே தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக் கொள்கின்றனர். இந்தப் பழக்கம் தலைவலி, களைப்பு என்பவற்றுடன் நின்றுவிடுவதில்லை. உடலமைப்பின் காரணமாக ஆண்களை விடப் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று இலகுவில் ஏற்படுகின்றது. நீர் அருந்தாமையும் சிறுநீரை அடக்கி வைத்தலும் அதற்கு மேலும் வழிவகுக்கின்றன. மலசலகூட வசதி உள்ளூராட்சி மன்றங்கள் கவனிக்க வேண்டிய விடயம். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். தண்ணீரைக் கையோடு வைத்திருப்பது எப்படி என்பதையே இங்கு நோக்குவோம்.

மேலைநாடுகளில் கரடுமுரடான பாதைகளிற் சைக்கிள் ஓட்டுவோர் இதற்கெனத் தண்ணீர்த் தோட்பை ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். முதுகிற் சுமக்கும் சிறிய பையொன்றினுள் இரப்பர் போன்று வளையக்கூடிய நீர்ப்பை ஒன்று இருக்கும். அதிலிருந்து புறப்படும் குழாய் தோளுக்கு மேலாக வந்து வாயருகே நிற்கும். குழாயின் நுனியைப் பல்லால் மெல்லக் கடித்து உறிஞ்சினால் நீர் வரும், விட்டவுடன் நின்றுவிடும். இதன் பிறப்பும் சுவையான கதையே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் கோடையில் நடைபெறும் நூறு மைல் சைக்கிள் ஓட்டமொன்றில் 1980களின் இறுதியிற் கலந்துகொண்ட மைக்கல் எய்ட்சன் என்பவர், அவசர மருத்துவ சேவையிற் பணியாற்றியவர். நோயாளருக்குச் சேலைன் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, அதனை ஒரு காலுறையினுள் இட்டு, தமது சட்டையின் முதுகுப் புறத்தில் பொருத்திக்கொண்டு அவர் ஓடினார். அதிலிருந்து உருவானதே 'கமல்பக்', அதாவது ஒட்டகத்தின் முதுகு என்ற வணிகப் பெயர். இன்று பல நிறுவனங்கள் இத்தகைய பைகளைத் தயாரிக்கின்றன. (இதனைப் படித்துவிட்டு எவரேனும் வைத்தியசாலைப் பையைத் தேடிப் போக வேண்டாம். உணவுக்குப் பாதுகாப்பானது எனக் குறிக்கப்பட்ட நீர்ப்பையே உகந்தது.)

தீவுகளில் மலை ஏது, மலைச் சைக்கிள் ஓட்டுவோரின் பை எமக்கெதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சாதாரண சைக்கிளின் சட்டத்தில் போத்தல் ஒன்றைச் செருகிக்கொண்டாற் போதாதா? ஆண்களின் சைக்கிளுக்குப் போதும். பெண்களுக்கான சைக்கிளிலோ மேற்குறுக்குக் குழாய் கீழே இறக்கி அமைக்கப்பட்டிருப்பதால் போத்தல் தாங்கியைப் பூட்டுவதற்கு வசதியான இடம் இருப்பதில்லை. எனவே போத்தல் முன்கூடைக்குள் வெயிலிற் கிடந்து சூடாகின்றது. அதனை எடுத்துக் குடிப்பதற்குச் சைக்கிளை நிறுத்தி இறங்க வேண்டும். எதிர்க்காற்றில் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறி மிதிப்பது எவ்வளவு சிரமம் என்பதை ஓட்டியவர்களே அறிவர். ஆகவே 'பிறகு குடிப்போம்' என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் வீட்டுக்கு வந்தே குடிக்கின்றனர். மலைப்பாதையில் ஓடும் வீராங்கனைக்கும் பண்ணைப் பாலத்திற் சோழகத்தை எதிர்த்து மிதிக்கும் ஆசிரியைக்கும் பிரச்சினை ஒன்றே: கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் நீர் அருந்த வேண்டும்.

எனினும் கடையிற் கண்ட பை ஒன்றை வாங்கி முதுகில் மாட்டினாற் போதும் என்பதல்ல. இப்பைகளிற் பல ஆண்களின் உடலளவை மனத்திற்கொண்டே அமைக்கப்படுகின்றன. பெண்களின் முதுகு பெரும்பாலும் நீளத்திற் குறைந்தது, தோள்கள் ஒடுங்கியவை. ஆண்களுக்கான பையை அணியும்போது பட்டிகள் தோளின் விளிம்பை நோக்கி வழுக்குகின்றன. வழுக்காமல் இறுக்கினால் நெஞ்சை அழுத்துகின்றன. பெண்களுக்கென அமைக்கப்படும் பைகளில் தோட்பட்டிகள் நேராக இறங்காமல் வளைந்து, மார்பின் ஓரமாகச் சுற்றிச் செல்லும். இரு பட்டிகளையும் இணைக்கும் குறுக்குப் பட்டி மேலும் கீழும் நகரக்கூடியதாக இருக்கும். இக்குறுக்குப் பட்டியை மார்புக்கு மேலே, கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டால் மூச்சுக்கும் இடைஞ்சல் இல்லை, உடலுக்கும் உறுத்தல் இல்லை. பையின் சௌகரியத்தில் பாதி இந்தச் சிறு பட்டியிலேயே தங்கியுள்ளது என்று சொன்னால் அது மிகையன்று. அது நகராத பையைப் பெண்கள் வாங்காதிருப்பதே நல்லது.

முதுகின் நீளத்தை அளப்பது எளிது. தலையைக் குனியும்போது பிடரியின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை தையல் நாடாவினால் அளந்து கொள்ளலாம். பையின் உயரம் இந்த அளவை விஞ்சக்கூடாது. 'பெண்களுக்கானது' என்ற பெயரை மாத்திரம் நம்புவதிலும் பொருளில்லை. சில நிறுவனங்கள் நிறத்தை மாற்றி விட்டுப் பெயரையும் மாற்றி விடுகின்றன. உயரமான பெண்ணுக்கு ஆண்களின் பை பொருந்துவதும், மெலிந்த ஆணுக்குப் பெண்களின் பை பொருந்துவதும் உண்டு. நாடாவின் சொல்லே இறுதியானது.

அடுத்தது கொள்ளளவு. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ நிறை. மூன்று லீற்றர்ப் பையைக் கண்டு 'பெரியதே நல்லது' என்று வாங்கி, அதனை நிரப்பிக்கொண்டால் மூன்று கிலோவுக்கு மேல் தோளில் ஏறும். இதில் எமது பெண்களுக்கு ஒரு தனிக் கவலை இருக்கின்றது. மலைச் சைக்கிளில் ஓட்டுபவர் முன்னே சாய்ந்திருப்பதால் சுமை முதுகின் மீது பரவி அமர்கின்றது. எமது சாதாரண சைக்கிளிலோ நிமிர்ந்து அமர்வதே வழக்கம். அப்போது முழுச் சுமையும் தோளிலிருந்து தொங்குகின்றது. கழுத்து வலி, தோள் விறைப்பு என்பன இதனாலேயே ஏற்படுகின்றன. சுருவிலிலிருந்து நகருக்கு வரும் தூரத்துக்கு ஒன்றரை லீற்றர் தாராளமாகப் போதும். நிமிர்ந்து ஓட்டுபவர் சுமையைத் தாழ்வாக அமர்த்தும் பையையோ, தோளையே தொடாமல் இடுப்பிற் கட்டும் சிறிய நீர்ப்பையையோ தெரிவு செய்வது உசிதமானது. தடித்த ரயரும் கியரும் கொண்ட சைக்கிளில் முன்சாய்ந்து ஓட்டும் இளம் பெண்களுக்கு முதுகுப் பை பொருந்தும். பின் தாங்கியில் குழந்தையை இருத்திச் செல்லும் தாய்மார் முதுகுப் பையைத் தவிர்க்க வேண்டும். அது குழந்தையின் முகத்திலேயே இடிக்கும்.

உடையையும் கருத்திற் கொள்ளாமல் இவ்விடயத்தைப் பேச முடியாது. சேலை உடுத்துபவருக்கு இடுப்புப் பட்டி கொசுவத்தைக் குலைக்கும். அவர்களுக்குத் தோட்பட்டியும் மார்புக் குறுக்குப் பட்டியுமே போதுமானவை. சல்வார் அணிபவர் துப்பட்டாவைப் பையின் பட்டிகளுக்கு அடியிற் சிறைப்படுத்தி விடலாம். சக்கரத்தில் துப்பட்டா சிக்கி விபத்துக்குள்ளாகும் ஆபத்தும் இதனால் குறையும். அபாயா அணியும் முஸ்லிம் சகோதரிகளிற் சிலர் இடுப்புப் பட்டி உடலமைப்பை எடுத்துக்காட்டும் என்று விரும்புவதில்லை. அவர்கள் ஒரு லீற்றருக்கு மேற்படாத இலேசான பையைத் தோளில் மட்டும் அணிந்தால் இடுப்புப் பட்டியின் தேவையே எழாது. கறுப்பு நிற ஆடையின் மேல் பை ஒட்டிக்கிடந்தால் வெப்பம் அதிகமாகத் தெரியும் என்பதால், முதுகுப் பக்கம் வலைத்துணியும் காற்றோடும் இடைவெளியும் உள்ள பை விரும்பத்தக்கது. ஹிஜாபுக்குக் குத்தும் ஊசிகள் குழாயைத் துளைக்காதவாறு குழாயை எதிர்த் தோளின் பக்கமாகக் கொண்டுவருவது நல்லது. நீண்ட பின்னலை உடைய மாணவிகள் பையை மாட்டிய பின் பின்னலை வெளியே எடுத்துவிட வேண்டும். பட்டிக்கு அடியில் அகப்பட்ட பின்னல் தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் இழுக்கும், வீதியில் பின்னால் வரும் வாகனத்தைத் திரும்பிப் பார்ப்பதையும் தடுக்கும்.

வாங்கும்போது வெறும் பையை அணிந்து பார்ப்பதிற் பயனில்லை. இயலுமானால் தண்ணீரை நிரப்பி, சைக்கிளில் அமரும் பாவனையிற் சாய்ந்து, இரு கைகளையும் நீட்டி, தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். நிரப்பியவுடன் பையைத் தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் ஓட்டும்போது நீர் குலுங்கும் சத்தமும் அசைவும் அடங்கிவிடும்.

எமது நீரின் தன்மை குறித்தும் ஒரு வார்த்தை. கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், உவர் நீங்காது. நீர் வற்றுவதால் உவர்ச் செறிவு சற்றுக் கூடவே செய்யும். கொதித்த நீரை ஆறவிட்டே பையில் ஊற்ற வேண்டும். குளுக்கோஸ், பழச்சாறு, ஜீவனி போன்றவற்றை நீர்ப்பைக்குள் கரைப்பது கூடாது. குழாயின் உட்புறத்தில் அவை தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தேவைப்படுவோர் அவற்றைச் சிறு போத்தலில் வேறாக எடுத்துச் செல்லலாம். சுண்ணம் மிகுந்த நீரால் வெண்படிவு ஏற்பட்டால் தேசிக்காய்ச் சாறு கலந்த நீரைச் சிறிது நேரம் ஊறவிட்டு அலசினாற் போதும்.

நீர் அருந்துவதிலும் அளவு உண்டு. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்டோரை ஆராய்ந்து 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதமானோரின் இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததைக் கண்டறிந்தது. அளவுக்கு மிஞ்சி நீர் அருந்தியமை அதற்குரிய முக்கிய காரணங்களில் ஒன்று. குழாய் வாயருகே இருக்கின்றது என்பதற்காக உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தாகம் எடுக்கும்போது ஓரிரு மிடறு போதும். சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்கள் தமது அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். ரமழான் நோன்பு காலத்தில் நீண்ட தூரம் மிதிக்க வேண்டியவர்கள், இயன்றால் ஸஹருக்குப் பின்னரான காலைப் பொழுதிலேயே பயணத்தை முடித்துக்கொள்வதும், நண்பகல் வெயிலைத் தவிர்ப்பதும் உகந்தது.

குறிகாட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குச் சைக்கிள் பயணம் செல்லும் இளம் பெண்களுக்கு இவையனைத்தும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். முருகைக்கற் சுவர்களுக்கிடையே செல்லும் அங்குள்ள கரடான ஒழுங்கைகளில் ஒரு கையால் ஓட்டுவது ஆபத்தானது. தீவின் மறுகரைக்குச் செல்லும் வழியிற் கடைகளும் அரிது. அவர்கள் இரண்டு லீற்றர்ப் பையை எடுத்துச் செல்வதே பொருத்தமானது. படகேறுவதற்கு முன்னரே நல்ல நீரால் அதனை நிரப்பிவிட வேண்டும். வீடு திரும்பியதும் மிஞ்சிய நீரை ஊற்றிவிட்டு, பையின் வாய் மூடாதபடி உள்ளே ஒரு மரக்கரண்டியைச் செருகி, குழாயைக் கழற்றி, இரண்டையும் நிழலிலே தலைகீழாகத் தொங்கவிட்டால் மறுநாளைக்குள் உலர்ந்துவிடும்.